பஸ் கதவுகிட்ட ஒரு அஞ்சு செகண்ட்

நான் சிங்கப்பூர்ல பிசியோதெரபிஸ்டா வேலை பாக்குறேன். பக்கவாதம் வந்தவங்க, இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆனவங்க, ஒரு தடவை விழுந்துட்டு அந்த பயத்துலயே வீட்டுக்குள்ள முடங்கிப்போன தாத்தா பாட்டிங்க, இவங்களைத்தான் தினமும் பாக்குறேன். இத்தனை வருஷத்துல எனக்கு நல்லா புரிஞ்ச ஒண்ணு, ஒருத்தரை திரும்ப நடக்க வைக்கிறது எங்க வேலை, ஆனா அவரை வீட்டு வாசலைத் தாண்ட வைக்கிறது எங்க கையில மட்டும் இல்ல, வெளியில அவர் பக்கத்துல நிக்கப்போற முன்பின் தெரியாத ஆளு கையில பாதி இருக்கு.

ஒரு அங்கிளைப் பத்தி சொல்றேன், அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன். வயசு எழுபதுக்குப் பக்கம், பக்கவாதத்துல இடது கை கால் ரெண்டும் பலவீனமாயிடுச்சு. வந்த புதுசுல கட்டில் ஓரத்துல உக்காரவே ஆள் பிடிக்கணும், ஆறு மாசத்துல நாலுகால் ஸ்டிக் வச்சு தனியா நடந்தார், படி ஏறினார். அவரோட ஆசை ஒண்ணே ஒண்ணுதான், ஞாயித்துக்கிழமை காலையில லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் தானே பாத்து மீன் வாங்கிட்டு, அங்கேயே உக்காந்து ஒரு தே, அதான் டீ, குடிக்கணும். கால்ல தெம்பு வந்தப்புறமும் நான் ஒவ்வொரு வாரமும் "தேக்கா போனீங்களா அங்கிள்?"னு கேப்பேன், அவரும் "அடுத்த வாரம் பாப்போம்மா"ன்னே சொல்வார்.

அவர் வீட்டம்மாதான் கடைசியில என்னைத் தனியா கூப்பிட்டு சொன்னாங்க. ஒருநாள் பஸ் ஏறப் போயிருக்கார். வலது கையில ஸ்டிக், பஸ் கட்டணக் கார்டை மெஷின்ல டேப் பண்ணவும் அதே வலது கைதான் வேணும், இடது கை தூக்க வராது. ஸ்டிக்கை கதவோரமா சாத்தி வச்சுட்டு சட்டைப் பையில இருந்து கார்டை எடுக்கும்போது அது கீழ விழுந்துடுச்சு, குனிய முடியல. பின்னாடி வரிசையில யாரோ "ச்ச்"ன்னு ஒரு சத்தம் விட்டாங்க, இன்னொருத்தர் அவரை இடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டார். அவ்வளவுதான், யாரும் திட்டல, எதுவும் சொல்லல. மனுஷன் இறங்கி வீட்டுக்கு வந்தவர் நாலு மாசம் பஸ் பக்கமே போகல.

அந்த "ச்ச்" விட்டவர் கெட்டவர்னு நான் நினைக்கல, வேலைக்கு லேட் ஆகியிருக்கும். 1973ல அமெரிக்காவுல டார்லி, பேட்சன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் பிரின்ஸ்டன்ல பாதிரியார் படிப்பு படிக்கிற மாணவங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. அங்க போய் ஒரு சின்ன உரை ஆத்தணும்னு சொல்லி பக்கத்து கட்டடத்துக்கு அனுப்பி வைப்பாங்க, வழியில ஒருத்தர் இருமிக்கிட்டு சுருண்டு உக்காந்திருப்பார். அவசரமே இல்லாதவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவினாங்க, ரொம்ப லேட் ஆயிடுச்சு ஓடுன்னு சொல்லி அனுப்பப்பட்டவங்கள்ல 10 சதவீதம்தான். அதுல பாதிப் பேர் பேசப்போன விஷயமே வழியில அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியன் ஒருத்தன் உதவின பைபிள் கதை! காலை எட்டு மணிக்கு எம்ஆர்டி ரயில்ல நிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். மனசு இல்லாம இல்ல, அவசரம் கண்ணை மறைச்சுடுது.

இன்னொரு தடையும் இருக்கு, கூச்சம். நாம போய் கேட்டா தப்பா நினைச்சுப்பாங்களோ, இவ்வளவு சின்ன உதவியில என்ன ஆகிடப்போகுதுன்னு தோணும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2022ல இதைப்பத்தி எழுதியிருக்காங்க. சிகாகோவுல ஐஸ் ஸ்கேட்டிங் பண்ற இடத்துல வந்தவங்களுக்கு சூடா ஒரு ஹாட் சாக்லேட் தந்து, அதை அங்க இருக்கிற யாரோ ஒருத்தருக்குக் கொடுத்துடுறீங்களான்னு கேட்டாங்க, வாங்கினவங்க எவ்வளவு சந்தோஷப்படுவாங்கன்னு கொடுத்தவங்களை முதல்லயே கேட்டாங்க. அவங்க நினைச்சதைவிட வாங்கினவங்களுக்கு ரொம்ப அதிகமா சந்தோஷம். கொடுக்கிறவருக்கு அது வெறும் சாக்லேட், வாங்கினவருக்கு நம்மளையும் ஒருத்தர் கவனிச்சாரேங்கிற நெகிழ்ச்சி.

அங்கிளுக்கும் அப்படித்தான் நடந்துச்சு. டாக்டர் அப்பாயின்ட்மென்ட், மகனுக்கு லீவு கிடைக்கல, வேற வழியில்லாம பஸ்ஸுக்குப் போயிருக்கார். பின்னாடி நின்ன காலேஜ் வயசுப் பையன் ஒருத்தன், மலாய்க்காரப் பையன், "டேக் யுவர் டைம் அங்கிள்"னு சொல்லிட்டு, கார்டை நான் டேப் பண்ணட்டுமான்னு கேட்டிருக்கான், சரின்னதும் பண்ணிட்டு, அவர் உக்கார்ற வரைக்கும் கொஞ்சம் பொறுங்கன்னு டிரைவர்கிட்ட சொல்லியிருக்கான். மொத்தமே அரை நிமிஷம் இருக்கும். அடுத்த செஷன்ல அங்கிள் அதை மூணு தடவை சொன்னார், அந்தப் பையன் பை என்ன கலருன்னு வரைக்கும் சொன்னார்.

நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஏற்பாடு இல்லாம இல்ல. 1979லயே மரியாதைப் பிரசாரம் ஆரம்பிச்சாச்சு, 1982ல அதோட சின்னமா சிங்கா சிங்கம் வந்துச்சு, 1997ல அன்பா நடந்துக்கச் சொல்ற சிங்கப்பூர் கைண்ட்னஸ் மூவ்மெண்ட். ரோடு கடக்கிற இடத்துல இருக்கிற மெஷின்ல முதியவங்க சலுகைக் கார்டை வச்சா பச்சை விளக்கு கூடுதலா சில செகண்ட் எரியும், 2009ல வந்த திட்டம், ரோட்டோட அகலத்தைப் பொறுத்து 3ல இருந்து 13 செகண்ட் வரைக்கும் கிடைக்கும். பாத்தா உடம்பு நல்லா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா நிக்க முடியாது, அப்படிப்பட்டவங்களுக்கு உக்கார இடம் கேக்குற லேன்யார்டும், அதான் கழுத்துல மாட்டுற பட்டையும், இருக்கு. ஆனா கீழ விழுந்த கார்டை எடுத்துக் குடுக்க மெஷின் வராதுங்க, பக்கத்துல நிக்கிற ஆளுதான் வரணும்.

உதவணும்னு வர்றவங்களுக்கு என் தொழில் சார்ந்து சில விஷயம் கண்டிப்பா சொல்லணும், ஏன்னா நல்ல மனசோட செஞ்சு வலி உண்டாக்கினதையும் பாத்திருக்கேன். பக்கவாதம் வந்தவரோட பலவீனமான கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, அந்தத் தோள்பட்டையில தசையோட பிடிமானம் தளர்ந்திருக்கும், ஒரு இழு இழுத்தா மூட்டு நழுவி மாசக்கணக்குல வலிக்கும். எந்தக் கை பலவீனம்னு உங்களுக்குத் தெரியாது, அதனால நீங்க பிடிக்காம உங்க கையை நீட்டுங்க, அவங்களே பிடிச்சுப்பாங்க. கண் தெரியாதவங்களுக்கும் அதேதான், உங்க முழங்கையை அவங்க பிடிச்சுக்கட்டும். வீல்சேரைக் கேக்காம தள்ளாதீங்க, அது அவங்க உடம்பு மாதிரி. அவங்க ஸ்டிக்கை நீங்க வாங்கி வச்சுக்கவே வச்சுக்காதீங்க!

யாராவது கீழ விழுந்துட்டா உடனே தூக்கி நிறுத்தத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். தூக்காதீங்க. பக்கத்துல உக்காந்து எங்க வலிக்குது, தலையில அடிபட்டுச்சான்னு கேளுங்க. இடுப்புல கடுமையான வலி, கால் அசைக்க முடியல, தலையில அடின்னா அப்படியே இருக்கவிட்டு ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடுங்க. வலி இல்ல, எழுந்துக்கிறேன்னு சொன்னா ஒரு நாற்காலி கொண்டு வந்து முன்னாடி போடுங்க, முட்டி போட்டு அதைப் பிடிச்சு அவங்களே மெதுவா எழுந்திரிக்கட்டும். முகம் ஒரு பக்கம் கோணிப்போச்சு, ஒரு கை தூக்க வரல, பேச்சு குழறுதுன்னா அது பக்கவாதமா இருக்கலாம், 995தான், தண்ணிகூட குடுக்காதீங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சுன்னு பாத்து வச்சுக்கோங்க, டாக்டர்கள் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

வேண்டாம்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. தானா செஞ்சு பாக்கணும்னு நாங்களே வீட்டுப்பாடம் குடுத்திருப்போம். ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, இடிக்காம தள்ளி நின்னாலே அது உதவிதான். பொறுமையா நிக்கிறதுக்கு பாஷைகூட வேண்டாம்.

அங்கிள் தேக்கா போனார். ஈர டைல்ஸ்ல தயங்கி நின்னப்போ ஒரு ஊழியர் தம்பி தன் கையில இருந்த பையைக் கீழ வச்சுட்டு நாற்காலி இழுத்துப் போட்டாராம், மீன்காரர் வெட்டி முடிக்கிற வரைக்கும் இவர் உக்காந்தே இருந்தாராம். அடுத்த வாரம் செஷனுக்கு வந்தவர், கையை ஊணாம சட்டுன்னு எழுந்திரிக்கப் பழக்கி விடுங்கம்மான்னார். ஏன் அங்கிள்னு கேட்டேன். திரும்பி வரும்போது எம்ஆர்டியில கர்ப்பமா இருந்த பொண்ணு ஒண்ணு எதிர்ல வந்து நின்னுச்சாம், இவர் எழுந்திரிக்கப் பாக்குறதுக்குள்ள ரெண்டு ஸ்டேஷன் போயிடுச்சாம்.

"ஓடுற வண்டியில எழுந்திரிக்கக் கூடாது அங்கிள்"ன்னேன்.

"ஸ்டேஷன்ல நிக்கும்போதும்மா"ன்னார்.

அன்னைக்கு நாற்காலியில இருந்து இருபது தடவை எழுந்து உக்காந்தார்.