பேரிடருக்குப் பிறகு முதியவர்களின் மனநலம்: எதைக் கேட்டுப் பெறலாம்?

நிவாரண முகாமில் ஒரு பெரியவர் பேசாமல், சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அது பெரிய தவறு. அவருக்கும் மனநல ஆதரவு சேர வேண்டும் என்று அரசுகளே ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கின்றன.

2015 மார்ச்சில் ஜப்பானின் சென்டாய் நகரில் ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்ற பேரிடர் அபாயக் குறைப்புச் சட்டகம் 2030 வரை நடப்பில் இருக்கும். தேவைப்படும் எல்லோருக்கும் மனநலச் சேவை கிடைக்கும்படி மீட்புத் திட்டங்களை வலுப்படுத்த வேண்டும், திட்டமிடும்போதே முதியவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. ஆனால் இது சட்டம் அல்ல, இதை வைத்து வழக்குப் போட முடியாது. காது, கண், நினைவாற்றல் ஆகியவற்றில் நீண்டகாலக் குறைபாடு உள்ள முதியவருக்கு இன்னும் வலுவான பிடிமானம் உண்டு: ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11ஆவது பிரிவு. இயற்கைப் பேரிடரின்போது அவர்களைப் பாதுகாக்கும் பொறுப்பு, அதை ஏற்ற நாடுகளின் மேல் இருக்கிறது.

சரி, எதைக் கேட்பது? என்னைக் கேட்டால், முதலில் பழைய அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்தே இருக்க இடம் கேளுங்கள். ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிக வீடுகளில் முதியவர்களுக்கு முன்னுரிமை தந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தெரிந்த முகமே இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் சிலர், யாருக்கும் தெரியாமல் தனியே இறந்து கிடந்தார்கள். அதே நாட்டில் 2011 சுனாமிக்குப் பிறகு இவானுமா நகரில் தெருவோடு சேர்ந்து இடம் மாறிய முதியவர்களிடம் நண்பர்களைப் பார்ப்பதும் பொது நிகழ்ச்சிகளுக்குப் போவதும் கூடியது; தனித்தனியாகப் போனவர்களிடம் குறைந்தது. அதனால் வீடு ஒதுக்கும் முன்பே, பக்கத்து வீட்டாரோடு சேர்த்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

அப்புறம் தொலைந்துபோன மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, தினசரி மருந்து. இவை இல்லாமல் ஒருவர் பேச்சிலிருந்தே விலகிப்போய்விடுவார்.

ஆறுதல் சொல்ல வரும் பணியாளர் 'என்ன நடந்தது, முழுசா சொல்லுங்க' என்று வற்புறுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவிக் கையேடே அப்படித்தான் சொல்கிறது. பேச விருப்பமில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஒருவர் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினால் அதைத் துக்கம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். நீர்ச்சத்துக் குறைவு, தொற்று, மருந்து நின்றுபோனது எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 'இனி இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தாலும் அப்படித்தான், அவரைத் தனியே விடாமல்.