செட்டிநாட்டு வீட்டில் படங்கள் ஏன் முன்னால் சாய்ந்திருக்கின்றன?

கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள் போனால், கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். ஐயா, அப்பத்தா படங்கள், ரவிவர்மா அச்சகத்து லட்சுமி, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் ஆளுயரத்துக்கு மேலே, தலையை முன்னால் சாய்த்தபடி இருக்கும். ஆணி தளர்ந்துவிட்டதோ என்று தோன்றும். தளரவில்லை, வேண்டுமென்றே அப்படி மாட்டியிருக்கிறார்கள்.

படத்தை மூடியிருக்கும் கண்ணாடிதான் முதல் காரணம். சாதாரணக் கண்ணாடி, நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். முன்பக்கத்தில் 4, பின்பக்கத்தில் 4. குறைவுதானே என்று நினைக்கலாம். ஆனால் மாடி உயரத்துக்கு எழும்பிய பெரிய கூடத்தில் வெளிச்சம் வருவது மேல்வரிசைச் சன்னல்கள் வழியாக. அங்கே தெரியும் வானம், நிழலில் தொங்கும் படத்தைவிட நூறு மடங்குக்கு மேல் பிரகாசமானது. அதில் 8 சதவீதம் போதும், லட்சுமியின் முகம் வெள்ளைக்கட்டமாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படம் 9 அடி உயரத்தில், உங்கள் கண் 5 அடியில், இடையே 12 அடி தூரம். பார்வை சுமார் 18 பாகை மேல்நோக்கிப் போகிறது. படம் சுவரோடு ஒட்டியிருந்தால் அந்தப் பார்வை கண்ணாடியில் பட்டுத் திரும்பி, அதே 18 பாகையில் மேலேறி, எதிர்ச்சுவரின் சன்னலில் போய் முட்டும். படத்தை 10 பாகை சாய்த்தால் பிரதிபலிப்பு இரண்டு மடங்கு, அதாவது 20 பாகை கீழே இறங்கும். இப்போது கண்ணாடியில் தெரிவது எதிரே நிற்கும் பர்மா தேக்குத் தூண். தூணோ கருமை. படம் பளிச்சென்று துலங்குகிறது.

இந்தக் கூடங்களில் சமுக்காளம் விரித்துத் தரையில்தான் பலரும் உட்கார்ந்தார்கள். அப்போது கண் இரண்டரை அடி உயரத்துக்கு வந்துவிடும், சாய்வு 15 பாகையாவது வேண்டும். இன்று சோபா போடுகிறவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஆளுயர நிலைக்கண்ணாடிக்கு இதே விதி வேறு விதமாக உதவுகிறது. அங்கே பிரதிபலிப்புதான் வேண்டும். சாய்த்து மாட்டினால் உத்தரத்துக்குப் பதில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் அதில் நடமாடும் மனிதர்களும் தெரிவார்கள். எனக்கு இந்த வீடுகளில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

இன்னொரு பலன், பின்னால் கிடைக்கும் இடைவெளி. சுண்ணாம்புப் பூச்சு மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி, பிறகு மெல்ல விடும். படம் சுவரோடு ஒட்டிக்கிடந்தால் அந்த ஈரம் போக வழியில்லாமல் காகிதத்தில் பூசணம் பிடிக்கும், கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு கறுக்கும்.

வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் செய்யும் தவறே படங்களைச் சுவரோடு சேர்த்து நிமிர்த்துவது. பார்க்க வேதனையாக இருக்கிறது. சாய்வை வைக்க ரொம்பச் சிரமமில்லை. சட்டத்தின் அடிவிளிம்பு சுவரில் பதித்த இரண்டு சின்னக் கட்டைகளில் உட்கார வேண்டும். மேலே ஆணியிலிருந்து வரும் கயிற்றை எவ்வளவு நீளம் விடுகிறோமோ அவ்வளவு சாயும். மாட்டியபின் அப்படியே விட்டுவிடாதீர்கள். வெயில் ஏறிய பிறகு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். சன்னல் தெரிந்தால் கயிற்றை இன்னும் ஒரு விரற்கடை தளர்த்துங்கள்.