பெரிய விங் பாதுகாப்பு என்று யார் சொன்னது?

போன வாரமும் ஒருவர் வந்தார். வேளச்சேரிப் பையன், ஐடி வேலை, அந்தமான் போய் டெக் டைவிங் (நேராக மேலே வர முடியாத ஆழ டைவ்) படிக்கப்போகிறானாம். ஆன்லைனில் வாங்கிய பழைய விங் ஒன்றை, அதாவது டைவர் முதுகில் கட்டி, காற்று ஊதியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் பையை, சர்வீஸுக்குக் கொண்டுவந்திருந்தான். 94 பவுண்ட், அதாவது 43 கிலோ தூக்கும் விங், சுற்றிலும் ரப்பர் கயிறு வேறு. எதுக்குப்பா இவ்வளவு பெரிசு என்றால், "பெரிசா இருந்தா சேஃப் தானே அண்ணா?" என்கிறான். ஒவ்வொருவருக்கும் நேரில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 12 லிட்டர் இரட்டை சிலிண்டரை 200 பாரில் நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் கிட்டத்தட்ட 6 கிலோ. டைவ் முடியும்போது இந்த எடை இருக்காது, அதனால் ஆரம்பத்தில் அந்த அளவு கனமாகத்தான் இறங்குகிறீர்கள். ஆழத்தில் வெட்சூட் (ரப்பர் நுரை உடை) நசுங்கி மிதப்பை இழக்கும், 3 மில்லி சூட்டில் ஒரு 2 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஆக 8 கிலோ. அப்புறம், அலைக்கு நடுவே கியரைக் கழற்றினால் அது தனியாக மிதக்க வேண்டும். ஸ்டீல் சிலிண்டர், பேக்பிளேட் (முதுகுத் தகடு), ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி) எல்லாம் சேர்ந்தாலும் 18, 20 கிலோ விங் பெரும்பாலும் தாங்கிவிடும். மீதி 23 கிலோ யாருக்கு? இல்லை, எனக்கு அது வேணும் என்றால் நீங்கள் தேவைக்கு மேல் ஈயம் கட்டுகிறீர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சும்மா கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். சும்மா இருக்காது. பெரிய விங்கில் கொஞ்சம் காற்று விட்டால் அது சிலிண்டரைச் சுற்றிச் சுருண்டுகொள்கிறது, காற்று மூலைமுடுக்கில் தங்குகிறது, காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வை இழுத்தாலும் முழுசாக வெளியே வராது. தங்கிய காற்று மேலே போகப்போக விரியும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்குள் இரண்டு மடங்கு. 6 மீட்டரில் 20 நிமிஷம் டெகோ (உடம்பில் கரைந்த வாயு வெளியேறக் காத்திருப்பது) நிற்க வேண்டியவர் அதைப் பிடிக்க முடியாமல் நேரே மேலே போனால் என்ன ஆகும் என்று டெக் படிக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விங்கில் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் பட்டன் சிக்கிக்கொண்டால்? 18 கிலோ விங் உங்களைத் தூக்கும் வேகமே போதும், 43 கிலோ விங்கோடு தயவுசெய்து சோதித்துப் பார்க்காதீர்கள். அந்த ரப்பர் கயிறு இன்னொரு தலைவலி. பிளாடர் (விங்குக்குள் காற்று நிற்கும் உறை) கிழிந்தால் மிச்சக் காற்றையும் பிதுக்கி வெளியேற்றும், வாயால் ஊதுவதும் சிரமம்.

சரி, எது உண்மையான பாதுகாப்பு? முதல் மிதப்பு போனால் இரண்டாவதாக ஒன்று இருப்பது. குளிர்நாடுகளில் டிரைசூட் (தண்ணீர் புகாத, காற்று நிரப்பக்கூடிய உடை) போடுவதால் அது கூடவே வந்துவிடுகிறது. நம் கடல் 28 டிகிரி, யார் டிரைசூட் போடப்போகிறார்கள்? வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து ஸ்டீல் இரட்டை, 3 மில்லி சூட், ஒற்றை பிளாடர் என்று கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 40 மீட்டரில் பிளாடர் கிழிந்தால் கழற்றிப் போட இடுப்பில் ஒரு கிலோ ஈயம்கூட இருக்காது. சூடான நீருக்கு அலுமினியம் இரட்டையும் எடை பெல்ட்டும் நல்லது, ஆனால் எல்லா எடையையும் ஒரேயடியாகக் கழற்றி எறிகிற மாதிரி கட்டாதீர்கள், டெகோவில் நிற்க முடியாது. ஸ்டீல்தான் வேண்டுமென்றால் இரட்டை பிளாடர் விங். இரண்டாவது இன்ஃப்ளேட்டரை எதிர்ப்பக்கம் வையுங்கள், ஹோஸை இணைக்காமல் கைக்கு எட்டுகிற இடத்தில் விடுங்கள் என்பேன். இணைத்தே வைப்பவர்களும் உண்டு, ஆனால் அது மெதுவாகக் கசிந்து ஊதினால் தப்பான பிளாடரைக் காலி செய்துகொண்டிருப்பீர்கள்.

விங்கில் காற்றே இல்லாமல், சிலிண்டர் நிறைய இருக்கும்போது உங்களால் நீந்தி மேலே வர முடிகிறதா? ஆழமில்லாத இடத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். முடியாவிட்டால் கியர் தப்பு. அதேபோல் சிலிண்டர் காலியாகும் நிலையில் 3 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

மழைக்காலம் முழுக்க பரணில் போட்டுவிட்டு ஜனவரியில் கடல் அடங்கியதும் அப்படியே எடுத்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். இன்ஃப்ளேட்டரைத் திறந்தால் உள்ளே உப்புக் கல்லாக இறுகியிருக்கும். பட்டன் சிக்குவது பெரும்பாலும் இதனால்தான். டைவ் முடிந்த அன்றே பிளாடருக்குள் நல்ல தண்ணீர் விட்டு அலசிக் கொட்டுங்கள், பாதி ஊதி நிழலில் தொங்கவிடுங்கள், கார் டிக்கியில் வேகவைக்காதீர்கள். பட்டன் சிக்கினால் உடனே கழற்ற, இன்ஃப்ளேட்டர் ஹோஸைக் கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடும் ஒரே இழுப்பில் கழற்றிப் பழகுங்கள்.

பழைய விங் வாங்கினால் இறுக்கமாக ஊதி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வால்விலிருந்து வந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், ஓ-ரிங் மாற்றிவிடலாம். தையலோரத்திலிருந்து வந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள், ப்ளீஸ், பிளாடரையே மாற்றுங்கள்.