'மருந்து மருத்துவர்' யார்?

போன ஆவணியில் ஒரு திருமண அழைப்பிதழ் பிழை திருத்த என் மேசைக்கு வந்தது. வேலூர் சத்துவாச்சாரியில் மண்டபம். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'மருந்து மருத்துவர், லண்டன்' என்றிருந்தது. உடன் வந்திருந்த பெண்ணின் பெரியப்பா, "மருந்து இல்லாத மருத்துவரும் இருக்கிறாரா ஐயா?" என்று கேட்டார். இதே சொல்லை முன்பே இரண்டு மொழிபெயர்ப்புகளில் அடித்துத் திருத்தியிருக்கிறேன். மூன்றாம் முறை பொறுக்கவில்லை.

மூலச்சொல் 'பார்மசூட்டிகல் மெடிசின்'. மருந்து நிறுவனத்தில் பணிபுரியும் மருத்துவரின் துறை அது. புது மருந்தை யாருக்கு எவ்வளவு கொடுத்துப் பார்ப்பது, எந்தப் பக்கவிளைவு கண்டால் சோதனையை நிறுத்துவது, கடைக்கு வந்தபின் என்ன தீங்கு தெரிகிறது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பிரிட்டனில் 1989இல் அரச மருத்துவர் கல்லூரிகள் இதற்கெனத் தனிப் புலம் தொடங்கின. அங்கே நிறுவன வேலையில் இருந்தபடியே 4 ஆண்டு சிறப்புப் பயிற்சி பெறலாம். நம் ஊரில் பெரும்பாலும் மருந்தியலில் எம்.டி. முடித்தவர்களே இந்த வேலைக்குப் போகிறார்கள்.

கிரேக்க 'பார்மகோன்' மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். 'மெடிசின்' லத்தீன், குணமாக்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. வேர் இரண்டு என்பதால் ஆங்கிலத்தில் இரண்டும் உரசாமல் அருகருகே நிற்கின்றன. தமிழில் வேர் ஒன்றே. மருந்துப் பை 'மருத்துப்பை' ஆவதுபோல், மருந்து என்பதன் 'ந்' வல்லினமாகி 'த்' ஆனதுதான் மருத்துவம். வள்ளுவரோ 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து' என்று மருத்துவம் முழுவதையுமே மருந்து என்று சொல்லி முடித்துவிடுகிறார். ஆக 'மருந்து மருத்துவம்' என்பது 'அரைஞாண் கயிறு' போன்ற இரட்டிப்பு. அரைஞாண் கயிறு என்றால் யாரும் குழம்புவதில்லை என்பதாவது அதற்கு உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

'மருந்தியல் மருத்துவம்' என்கிறார் ஒரு நண்பர். மருந்தியல் ஏற்கெனவே இரண்டு சுமை தூக்குகிறது. மருத்துவக் கல்லூரியில் அது மருந்து உடலில் என்ன செய்கிறது என்று படிக்கும் பாடம், பி.பார்ம். கல்லூரி வாசலிலும் அதே சொல்தான் பெயர்ப்பலகையில். மூன்றாவது மூட்டையையும் ஏற்றினால் முதுகு ஒடியும். 'மருந்தக மருத்துவம்' என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை வேலூர் காந்தி ரோட்டுக்கு வரட்டும். வங்காள மொழியில் பலகை எழுதி வைத்திருக்கும் மெடிக்கல் கடைகளுக்குத்தான் இங்கே மருந்தகம் என்று பெயர். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை எண்ணும் டாக்டர்தான் கண்ணில் தெரிகிறார்.

என் சொல் மருந்துருவாக்க மருத்துவம். நீளம்தான். விற்பனைக்குப் பிந்தைய கண்காணிப்பு இதில் அடங்குமா என்று கேட்கலாம். மாத்திரை அட்டையோடு மடித்து வைத்திருக்கும் தாளைப் பாருங்கள். புதுத் தீங்கு தெரியவரும்போது அதில் எச்சரிக்கை மாறும், சில சமயம் அளவும் மாறும். கடைக்கு வந்த பிறகும் மருந்து உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது.

சோதனைக்கு ஆள் சேர்க்கும் ஒப்புதல் படிவங்களின் தமிழ் இன்னும் மோசம். 'உங்கள் பங்கேற்பு முற்றிலும் தன்னார்வமானதாகும்' என்று ஒன்றில் படித்தேன். குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மா இதைப் படித்து என்ன புரிந்து கையெழுத்துப் போடுவார்? 'சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம்' என்று எழுதக் கூடுதலாகக் காசு கேட்கிறார்களா? ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் நிரப்பினால் இப்படித்தான் வரும்.

அழைப்பிதழில் 'மருந்துருவாக்க மருத்துவர்' என்று திருத்திக் கொடுத்தேன். ஒரு வரியில் அடங்காது என்றார் அச்சகத்துக்காரர். எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னேன். பெரியப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டாக்டர் என்று மட்டும் போடுங்கள்" என்றார். அப்படியே அச்சானது.