தரப்பு: சொல்லும், இருபக்கமும் காட்டும் ஆய்வறிக்கையும்

தரப்பு என்றால் பக்கம். ஒரு வழக்கிலோ சச்சரவிலோ ஒரு பக்கம் நிற்பவர்களையும் அவர்கள் சொல்வதையும் சேர்த்தே இச்சொல் குறிக்கும். ‘எங்கள் தரப்பு’, ‘அரசுத் தரப்பு சாட்சி’, ‘இருதரப்புப் பேச்சுவார்த்தை’ என்று நாள்தோறும் புழங்குவதால் தமிழ்ச்சொல் என்றே பலரும் எண்ணுகிறார்கள். மூலம் அரபி. அங்கே தரஃப் என்றால் பக்கம், ஓரம், திசை. பாரசீகம், இந்துஸ்தானி வழியாக ஆட்சிமொழியோடு அது தெற்கே வந்தது. தக்காணத்துப் பாமினி அரசில் மாகாணத்துக்கே தரஃப் என்றுதான் பெயர். அதை ஆண்டவர் தரஃப்தார். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி எல்லாம் வந்த அதே பாதை.

பிறமொழிச் சொல் என்பது இங்கே பெரிய குறை அல்ல. இரு பக்கமும் காட்டி ஆய்வறிக்கை எழுதுபவருக்குச் சிக்கல் வேறு. தரப்பு கோர்ட்டில் வளர்ந்த சொல். கோர்ட்டில் வாதி, பிரதிவாதி என்று இரண்டே பக்கம். அவரவர் தமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து வைக்கலாம், அது தப்பில்லை. எடை போட நீதிபதி இருக்கிறார். அறிக்கையில் அந்த வேலையும் எழுதுபவர் தலையில்தான். ‘முதல் தரப்பு வாதங்கள்’, ‘எதிர்த்தரப்பு வாதங்கள்’ என்று இரண்டு தலைப்பு போட்டு நிரப்பிவிட்டால் இரண்டு வக்கீல் நோட்டீஸ்தான் கிடைக்கும், அறிக்கை கிடைக்காது.

நல்ல தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லைத் தேடாமல் வேலைக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வது நல்லது. நிற்கும் ஆட்களைச் சொல்லச் சாரார்: ‘ஒரு சாரார்’, ‘இரு சாரார்’, ‘வேறொரு சாரார்’. அவர்கள் சொல்வதைச் சொல்லக் கூற்று. அவர்கள் எடுத்திருக்கும் முடிவைச் சொல்ல நிலைப்பாடு. பழைய உரையாசிரியர்கள் மாற்றுக் கருத்தைக் காட்ட ‘ஒருசார் ஆசிரியர்’ என்றும், ‘என்பாரும் உளர்’ என்றும் எழுதினார்கள். சாரார் அந்த மரபில் வருகிற சொல். பால் என்பதும் பக்கம்தான். ‘ஒருபால் கோடாமை’ என்கிறது குறள். ஆனால் இன்று ‘இருபால்’ என்றால் ஆண் பெண் என்றுதான் மனம் போகும். கட்சி என்றால் கொடியும் சின்னமும் நினைவுக்கு வரும். இரண்டையும் தவிர்க்கலாம்.

இதோடு ஒட்டி இன்னொரு சொல் தடுமாறுகிறது. ஆப்ஜெக்டிவ் (objective) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று குறிக்கோள், மற்றது எழுதுபவரின் விருப்பு வெறுப்பு கலவாதது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக் ‘குறிக்கோள் அறிக்கை’ என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். வேண்டியது இரண்டாவது பொருள். அதற்குப் புறவயம் என்ற சொல் திறனாய்விலும் அறிவியலிலும் நிலைத்துவிட்டது. அளந்து சரிபார்க்கக்கூடிய தகவலுக்கு அது பொருந்தும். எழுதுபவரின் நிலையைச் சொல்ல நடுவுநிலை இருக்கிறது.

நடுவுநிலைக்கு நல்ல விளக்கம் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் இடத்தில் கிடைக்கிறது: ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’. பகல் என்பது இங்கே நுகத்தடியின் நடுவில் அடித்த ஆணி. அடுத்து வருவது இன்னும் முக்கியம்: ‘தமவும் பிறவும் ஒப்ப நாடி’. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒரே கண்ணோடு ஆராய்ந்து என்று அர்த்தம். தங்கள் முன்னோர் அந்தப் பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வழிவழியாகச் சொல்வது. செட்டிநாட்டில் இந்த வரிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. கவனிக்க வேண்டிய சொல் ‘ஒப்ப நாடி’. சமமாகப் பங்கிட்டு என்று அங்கே இல்லை. ஆராயும் கண்டிப்புதான் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்தொகையில் (வரவு செலவு இருப்புக் கணக்கில்) இரு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டும் என்பது போல, அறிக்கையில் இரு சாராருக்கும் ஒரே அளவு இடம் கொடுப்பது நடுவுநிலை ஆகாது. ஆதாரம் ஒரு பக்கம் கனமாக இருந்தால் கனமாகத்தான் காட்ட வேண்டும்.

இலக்கண நூலான நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) ஒன்று ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே’. இருவர் மாறுபட்டால் ஒன்றைத் துணிந்து ஏற்பது. அது நூலாசிரியருக்கு உரியது. அறிக்கை எழுதுபவர் துணிவதற்கு முன், எந்த இடத்தில் மாறுபடுகிறார்கள் என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

செட்டிநாட்டுக்கு நெருக்கமான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் உழவரின் நிலத்தைப் பறித்தார்களா? கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல், அவர்கள் கைக்கு வந்திருந்த சாகுபடி நிலம் 1930-இல் 6 சதவீதம், 1937-இல் 25 சதவீதம். இந்த எண்களை இரு சாராரும் மறுப்பதில்லை. இடையில் நடந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே போனது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. ஒரு சாரார் இதை நிலப்பறிப்பு என்பர். மறு சாரார், லேவாதேவிக்காரருக்கு வேண்டியது ரொக்கம், விலை விழுந்த நிலத்தை வேறு வழியின்றி எடுத்துக்கொண்டார்கள் என்பர். ஆக, மாறுபாடு எண்ணில் இல்லை, காரணத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டாலே அறிக்கை பாதி தெளிந்துவிடும். மூன்றாவதாக ஒரு சாராரும் உண்டு: நிலவரியும் சட்டமும் கையில் வைத்திருந்த ஆங்கில அரசு. ‘இருதரப்பு’ என்று தலைப்பு போட்டதுமே அது கண்ணுக்கு மறைந்துவிடும். இந்தச் சொல்லால் வருகிற பெரிய நட்டம் இதுதான்.

ஆதாரத்தின் தேதியையும் பார்க்க வேண்டும். பர்மா வங்கி விசாரணைக் குழு 1929-30-இல் கூடியது. மந்தத்துக்குப் பின் நடந்த நிலமாற்றத்துக்கு அதைச் சான்றாகக் காட்டினால் அறிக்கை அங்கேயே விழுந்துவிடும். அதற்கு முன்னிருந்த கடன் நிலைக்கு மட்டும் அது பயன்படும்.

குறிப்பு எடுக்கும்போதே தாளில் நெடுக்காகக் கோடு இழுத்து நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கேள்வி, யார் கூற்று, ஆதாரமும் அதன் ஆண்டும், அந்த ஆதாரம் காட்டாதது எது. நான்காவது பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்துப் பக்க அறிக்கை என்றால் கேள்விக்கும் சொற்பொருளுக்கும் 1 பக்கம், யாரும் மறுக்காத செய்திகளுக்கு 2, மாறுபடும் கூற்றுகளுக்கு 5, கண்ட முடிவுக்கு 1, இன்னும் தீராத கேள்விகளுக்கு 1. அந்த 5 பக்கத்தையும் ஆள்வாரியாக அல்ல, கேள்விவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே எல்லாச் சாராரும் அடுத்தடுத்து வரட்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு கூற்றையும் அதைச் சொன்ன சாராரில் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். ‘ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று அவர் ஏற்கும்வரை திருத்த வேண்டும்.

சாய்வு பெரும்பாலும் வினைச்சொல் வழியாகத்தான் நுழைகிறது. ‘கூறினார்’ என்பது வெறுமனே சொன்னதைக் குறிக்கும். ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் ஏதோ மறைத்தவர் என்று தொனிக்கும். ‘சமாளித்தார்’ என்றால் தீர்ப்பே எழுதியாயிற்று. ‘சுட்டிக்காட்டினார்’ என்றால் அவர் சொன்னது உண்மை என்று நீங்களே கையெழுத்துப் போட்டதாகிறது. ‘வெறும்’, ‘கூட’, ‘தானே’ போன்ற சிறு சொற்களும் அப்படியே.

தமிழ் வாக்கியத்தில் இன்னொரு கண்ணி உண்டு. வினைமுற்று கடைசியில் வருவதால், கடைசியில் வரும் கூற்றுக்கே கனம் கூடும். பழைய வீடுகளை இடிப்பது பற்றி எழுதும்போது, ‘பங்காளிகள் பலருக்கும் சேர்ந்த வீட்டைப் பராமரிப்பது கடினம் என்றாலும், அது ஊரின் அடையாளம்’ என்று பாருங்கள். திருப்பிப் போடுங்கள்: ‘ஊரின் அடையாளம் என்றாலும், பங்காளிகள் பலருக்கும் சேர்ந்த வீட்டைப் பராமரிப்பது கடினம்.’ தகவல் அதேதான், சாயும் பக்கம் மாறிவிட்டது. ‘என்றாலும்’, ‘ஆனால்’ இரண்டையும் விட்டு, கூற்றுகளைத் தனித்தனி வாக்கியமாக்கினால் இது தீரும். இந்த விஷயத்திலும் சாரார் இருவர் அல்லர். உள்ளூரில் இருக்கும் பங்காளி, வெளிநாட்டில் இருக்கும் பங்காளி, மரபு விடுதி நடத்துபவர், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தேக்குத் தூணும் கதவும் விற்கும் பழம்பொருள் வியாபாரி, அந்தக் கடைகளை நம்பி வேலை செய்யும் ஆசாரி என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு.

ஒருவர் பதில் தர மறுத்தால் ‘எதிர்த்தரப்பு மௌனம்’ என்று எழுதக்கூடாது. எந்தத் தேதியில், எந்தக் கேள்வி, எந்த வழியில் கேட்கப்பட்டது, எத்தனை நாள் காத்திருந்தும் பதில் வரவில்லை என்பதை எழுதினால் போதும்.

தரப்பு என்ற சொல்லை அப்படியே விட வேண்டிய இடமும் உண்டு. தீர்ப்பு, சாட்சியப் பதிவு, ஒப்பந்தம் இவற்றிலிருந்து மேற்கோள் காட்டும்போது ‘வாதி தரப்பு’ என்று இருந்தால் மாற்றக் கூடாது. மேற்கோள் குறி முடிந்த பிறகு உங்கள் வாக்கியத்தில் சாரார் வரலாம்.