மாமியின் பிஸ்கற் ரின்னில் கிடந்த துண்டு

கொக்குவில் மாமிக்கு முழங்கால் நோ. பாமசியில் வாங்கிய மஞ்சள் குளிசை ஒன்றைப் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு கண் இமையும் வீங்கி மூடிவிட்டன. அடுத்த வருசம் பல்லு நோவுக்கு இபுபுரோபென் போட்டார். அதே வீக்கம், கூடவே உடம்பெல்லாம் தடிப்பு. "அது மஞ்சள், இது றோஸ். பிறகேன் தம்பி ஒரே மாதிரி வருது?" என்று கேட்டார்.

மாமியின் கேள்வியில்தான், நோவுக் குளிசைகள் ஒத்துக்கொள்ளாத இந்த நோயின் சூட்சுமம் இருக்கிறது. வழக்கமான ஒவ்வாமையில் உடம்பு ஒரு பொருளின் மூலக்கூறு வடிவத்தை நினைவில் வைத்துக்கொண்டு எதிர்க்கும். இங்கே வடிவம் எதுவானாலும் சரி, குளிசை செய்யும் வேலைதான் சிக்கல். அஸ்பிரின், இபுபுரோபென், டைக்ளோபெனாக் எல்லாமே காக்ஸ் என்ற நொதியை அடக்கித்தான் நோவைக் குறைக்கின்றன. பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் வேன் 1971இல் இதைக் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்றார். அந்த நொதியில் காக்ஸ்-1 என்ற வகை உண்டாக்கும் புரொஸ்டகிளாண்டின் ஒன்று, ஒவ்வாமைச் செல்களுக்குக் கடிவாளம் மாதிரி. அது குறைந்தால் சிலருடைய உடம்பில் வீக்கத்தைத் தூண்டும் லியூக்கோட்ரையீன்கள் என்ற பொருள்கள் பெருகும். தோலில் அது தடிப்பு, வீக்கம். தொய்வும் (ஆஸ்துமா) மூக்குக்குள் தசை வளர்ச்சியும் உள்ளவருக்கோ மூச்சையே அடைத்துவிடும். தொய்வு, மூக்குத் தசை வளர்ச்சி, அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை என்ற இந்த மூன்றும் சேர்ந்து வருவதைப் பிரான்சில் விடால் என்ற வைத்தியர் 1922இலேயே எழுதிவைத்தார்.

இந்த வகையை உறுதிப்படுத்த நம்பகமான இரத்தப் பரிசோதனையோ தோல் பரிசோதனையோ இல்லை. அதனால் வைத்தியர் கதையைத்தான் துருவுவார்: எந்தக் குளிசை, எத்தனை மணித்தியாலத்தில், முன்பும் வந்ததா, வேறு எதைப் போட்டால் ஒன்றும் வராது? மாமிக்கு முதல் குளிசையின் பெயர் தெரியாது. அட்டையை வெட்டி இரண்டு இரண்டாக விற்பதால் பெயரும் வெட்டுப்பட்டுப் போகிறது; எனக்கு மெத்தக் கோபம் வரும் விசயம் இது. நல்லகாலம், பிஸ்கற் ரின்னுக்குள் அந்தத் துண்டு கிடந்தது. வெள்ளித்தாளில் 'ளோபெனாக்' என்ற பின்பாதி மட்டும். டைக்ளோபெனாக்கோ அசெக்ளோபெனாக்கோ, இரண்டும் ஒரே குடும்பம். இபுபுரோபென் வேறு குடும்பம். இரு குடும்பத்துக்கும் ஒரே எதிர்வினை என்றால் வடிவத்தின் குற்றமில்லை.

கதை தெளிவில்லாதபோது மருந்தையே கொடுத்துப் பார்ப்பார்கள். வைத்தியசாலையில், அவசர மருந்தும் ஆட்களும் பக்கத்தில் இருக்க, சிறு அளவில் தொடங்கி இடைவெளி விட்டுக் கூட்டுவார்கள். தொய்வுக்காரருக்கு ஒவ்வொரு படியிலும் ஊதவைத்து அளப்பார்கள். முதல் நொடியில் ஊதும் காற்று 20 சதவீதம் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள். இதை ஒருபோதும் வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. அஸ்பிரினுக்கு ஒன்றும் வராவிட்டால் குற்றவாளி முன்பு ஒத்துக்கொள்ளாமல் போன மருந்தும் அதன் குடும்பமும்தான். மற்றக் குடும்பங்களுக்கு வழி திறக்கும்.

மாமிக்கு எதிர்ப்பக்கமாக, எந்தக் குளிசை ஒத்துக்கொள்ளும் என்று சோதித்தார்கள். காக்ஸ்-1ஐப் பெரிதாகத் தொடாத செலிகொக்சிப் என்ற நோவுக் குளிசையைப் படிப்படியாகக் கொடுத்து, பின்னேரம் வரை வைத்துப் பார்த்தார்கள். இமை வீங்கவில்லை. இப்போது அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரிசை: கூடாதவை, கூடியவை. பனடோல் இரண்டாவது வரிசையில் இருக்கிறது.