ஆரம்பாக்கம் லோக்கலில் விளக்கு ஏன் அணைகிறது?

ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருந்தார்: "தினமும் லோக்கலில் சென்னைக்குப் போகிறேன். வழியில் ஓரிடத்தில் லைட்டும் ஃபேனும் பொசுக்கென்று நின்றுவிடுகின்றன. ரயில் மட்டும் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். பக்கத்தில் முனீஸ்வரன் கோயில் இருக்கிறது, அவருக்கு ரயில் செய்யும் மரியாதை என்கிறார் எங்கள் ஆயா. நிஜக் காரணம் என்ன?"

இந்தப் பாதையில் ஆரம்பாக்கம்தான் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். அடுத்தது தடா, அங்கே பெயர்ப்பலகையில் தமிழ் இறங்கி தெலுங்கு ஏறிக்கொள்ளும். சென்னையிலிருந்து கூடூர் வழியாக விஜயவாடாவுக்குத் தண்டவாளம் இணைந்தது 1899இல். மேலே கரண்ட் கம்பி வந்தது 1980ஐ ஒட்டித்தான். அதே 1980 ஜூலையில், இந்தப் பாதையிலுள்ள சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. ராக்கெட்டை நாடே கொண்டாடியது. கரண்ட் கம்பிக்கு யாரும் கை தட்டியதாகத் தெரியவில்லை. எனக்கு அதில் சின்ன மனக்குறை உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். லோக்கலின் தலைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட் மாறுமின்சாரம். வீட்டுக்கு வருவது போலவே சிங்கிள் ஃபேஸ். ஆனால் மின்வாரியம் அனுப்புவதோ மூன்று ஃபேஸ். பம்ப்செட் வைத்திருக்கிற வீட்டில் கேட்டால், 'த்ரீ ஃபேஸ் எப்போது வரும்' என்ற கவலையை விளக்கமாகவே சொல்வார்கள்.

ஃபேஸ் என்றால் என்ன? மூன்று பெண்கள் ஒரே உரலில் நெல் குத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தி உலக்கையைப் போடும்போது அடுத்தவளுடையது பாதி உயரத்தில், மூன்றாமவளுடையது மேலே. மூவர் குத்துவதும் ஒரே வேகம்தான், முறை மட்டும் தள்ளித் தள்ளி வரும். மூன்று ஃபேஸும் அப்படித்தான், நொடிக்கு 50 தடவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நொடியில் 150இல் ஒரு பங்கு.

ரயில் பாதை முழுவதையும் ஒரே ஃபேஸில் மாட்டினால், உரலில் ஒருத்தியே எல்லாவற்றையும் குத்துவது போல அந்த ஃபேஸ் திணறும். மற்றவை சும்மா நிற்கும். அதனால் சில பத்து கிலோமீட்டருக்கு ஒரு சப்-ஸ்டேஷன் வைத்து, அடுத்தடுத்த துண்டுகளுக்கு வேறு வேறு ஃபேஸிலிருந்து முறை வைத்து கரண்ட் கொடுக்கிறார்கள். சுமை பங்கிடப்பட்டுவிடும்.

ஆனால் துண்டும் துண்டும் சந்திக்கும் இடத்தில் வருகிறது வம்பு. இரண்டு பக்கமும் 25,000 வோல்ட்தான்; முறை தள்ளி வருவதால் ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் 43,000 வோல்ட் வரை போகும். ரயிலின் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு கரண்ட் எடுக்கும் கையான பேண்டோகிராஃப் ஒரே நேரத்தில் இரண்டையும் தொட்டால் இரண்டு உலக்கையும் மோதிக்கொண்ட கதைதான். அதைத் தடுக்க, நடுவே கரண்டே இல்லாத ஒரு துண்டை வைக்கிறார்கள். அதன் பெயர் நியூட்ரல் செக்‌ஷன்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் செத்த துண்டுதான். ஒரு வகையில் அது 41 மீட்டர் நீளம். இன்னொரு வகை ஐந்து மீட்டர்கூட வராது. கம்பிக்குப் பதிலாக, கரண்ட் கடத்தாத கழிகளைக் கோத்திருப்பார்கள். அதில் பயன்படுவது டெஃப்லான், தோசை ஒட்டாமலிருக்கத் தவாவில் பூசுகிறார்களே, அதே சரக்கு. ஓடுகிற பேண்டோகிராஃபும் அதன்மேல் ஒட்டாமல் உரசாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மோட்டர்மேனுக்கு 500 மீட்டருக்கு முன்பே ஒரு எச்சரிக்கைப் பலகை, 250 மீட்டரில் இன்னொன்று. அப்புறம் 'டி.ஜே. ஓப்பன்'. அவர் மெயின் ஸ்விட்சை அணைக்கிறார். ரயில் தன் வேகத்திலேயே உருண்டு கடக்கிறது. பெட்டியில் பேட்டரி விளக்கு ஒன்றிரண்டு மட்டும் மினுங்கும். கடந்ததும் 'டி.ஜே. க்ளோஸ்'.

ஐந்து மீட்டரைக் கடக்க ஒரு நொடி போதுமே, இருட்டு ஏன் அவ்வளவு நேரம்? லோக்கலில் மூன்று பெட்டிக்கு ஒரு பேண்டோகிராஃப். 12 பெட்டி ரயில் என்றால் நான்கு. கடைசிப் பேண்டோகிராஃபும் தாண்டும்வரை யாருக்கும் கரண்ட் கிடையாது. அந்த ரயில் கால் கிலோமீட்டர் நீளம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது தன் நீளத்தைக் கடக்க 15 நொடி. கிட்டத்தட்ட அவ்வளவுதான் உங்கள் இருட்டு.

1931இல் பீச்–தாம்பரம் மின்ரயில் ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில். அதற்கு ஃபேஸே கிடையாது, அதனால் ஃபேஸ் மாறும் இந்த இருட்டும் இல்லை. ஆனால் சில கிலோமீட்டருக்கு ஒரு சப்-ஸ்டேஷன் கட்டியாக வேண்டும். 1960களில் அதையும் 25,000 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

முனீஸ்வரன் விஷயத்தில் ஆயா கவனித்தது ஒருவகையில் சரிதான். ஒற்றை எஞ்சின் இந்தத் துண்டின் அடியில் நின்றுவிட்டால் தானாக நகர வழியில்லை. பக்கத்துக் கம்பியின் கரண்டைத் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு எஞ்சின் வந்து தள்ள வேண்டும். அதனால் ஸ்டேஷன், சிக்னல், ஏற்றம் எதுவும் பக்கத்தில் இல்லாத பொட்டல்வெளியாகப் பார்த்து இதை அமைப்பார்கள். முனீஸ்வரன் குடியிருப்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஊர்க்கோடியில்தானே! ஆயா கும்பிடுவதில் நஷ்டமில்லை. ஸ்டேஷனுக்குப் பளபளவென்று முகப்பு கட்டும் காசில், இதை விளக்கி நடைமேடையில் ஒரு பலகை வைக்கலாம் என்பது மட்டும் என் ஆதங்கம்.

அந்த 'டி.ஜே.' என்ன என்று அடுத்த கேள்வி வரும். டிஸ்ஜாங்க்தர், பிரெஞ்சில் சர்க்யூட் பிரேக்கர். 25,000 வோல்ட் தொழில்நுட்பத்தை 1950களில் பிரெஞ்சு ரயில்வேயிடமிருந்து வாங்கியபோது சொல்லும் கூடவே ஏறிவிட்டது. ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் பேசுகிற ஆரம்பாக்கத்து மோட்டர்மேன் வாயில் இன்றைக்கும் அது புழங்குகிறது.